ஈசிஆர் ரைடும் வெயில் கணக்கும்: ஹெல்மெட்டில் ஒட்டிய யூவி சென்சார்

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரைடில் எங்கள் மேல் எவ்வளவு புற ஊதாக் கதிர் விழுகிறது என்று அளந்து, அதை வேகம், தூரம், இதயத்துடிப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே காட்டும் ஏற்பாடு ஒருவழியாக ஒழுங்காக ஓடுகிறது. செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். சென்னையில் ஓடுபவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவர்கள் யாருக்கும் இது உதவும். கருவியே செய்யாதவர்களுக்குக்கூட இதன் பாதி பயன்படும்.

எங்கள் பாதை திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) மாமல்லபுரம் போய்த் திரும்புவது. ஒரு வழி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு மணி நேரம் டிபன், அரட்டை, அப்புறம் திரும்பல். குழுவில் எல்லாருக்குமே வலது கை இடது கையைவிடக் கறுத்திருக்கும். திரும்பும்போது வடக்கு நோக்கி வருகிறோம், வெயில் கிழக்கிலிருந்து வலது பக்கம் அடிக்கிறது. போகும்போது அதே வெயில் இடது பக்கம்தான், ஆனால் அப்போது சூரியன் எழுந்தே இருப்பதில்லை, எழுந்தாலும் வலுவில்லை. குழுவில் ஒரு அக்காவுக்குக் கன்னத்தில் மங்கு வந்து, தோல் மருத்துவர் வெயிலைக் குறைக்கச் சொன்னார். எவ்வளவு குறைக்க, எந்த நேரத்தைக் குறைக்க என்று அக்கா என்னிடம் கேட்டபோதுதான் அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

யூவி இன்டெக்ஸ் என்பது புற ஊதாக் கதிர் (யூவி) எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று சொல்லும் எண். அதைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 1 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் கதிர் ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். 3-லிருந்து பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8-க்கு மேல் மிக அதிகம், 11-க்கு மேல் உச்சம். சென்னையில் ஏப்ரல் நடுப்பகல் உச்சத்தில்தான் இருக்கும். நாங்கள் சொந்தமாக ஒரு அலகு வைத்துக்கொண்டோம்: இன்டெக்ஸ் 1 அளவு வெயிலில் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு வெயில் புள்ளி. இன்டெக்ஸ் 6-ல் அரை மணி நேரம் இருந்தால் மூன்று புள்ளி. கதிரின் ஆற்றலை ஜூலில் சொல்வதைவிட இது எல்லார் வாயிலும் எளிதாக வந்தது.

முதல் சென்சார்

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைத்தது ஜிவிஏ எஸ்12எஸ்டி என்ற அனலாக் மாட்யூல், 350 ரூபாய். வரும் வோல்ட்டேஜை 0.1-ஆல் வகுத்தால் இன்டெக்ஸ். அரை வோல்ட் வந்தால் 5. கேட்க எளிமையாக இருந்தது. இஎஸ்பி 32 என்ற சின்னக் கணினி போர்டில், வோல்ட்டேஜை வாங்கும் அனலாக் பின்னில் நேராக இணைத்து மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தேன். காலை ஏழரை வரை சுத்தமாக 0 காட்டியது, அதன் பிறகு திடீரென்று எகிறியது. அந்த போர்டின் அனலாக் உள்ளீடு வழக்கமான அமைப்பில் 0.1 வோல்ட்டுக்குக் கீழே ஒன்றும் காட்டாது. எனக்குத் தேவையான அதிகாலை நேரம் முழுக்க அந்த எல்லைக்குக் கீழேதான்.

250 ரூபாய்க்குத் வோல்ட்டேஜை நுணுக்கமாக எண்ணாக மாற்றும் ஒரு 16 பிட் ஏடிசி போர்டு தனியாக வாங்கி இடையில் போட்டேன். இப்போது பிரச்சினை தலைகீழானது. வானிலைக் கணிப்பு ஏழு மணிக்கு இன்டெக்ஸ் 1 கூட இல்லை என்கிறது, சென்சார் அதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. நடுப்பகலில் இரண்டும் ஒத்துப்போகின்றன. இந்த வகை சென்சார் புற ஊதாவின் எல்லா அலைநீளத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எண்ணுகிறது. நம் தோலோ குறுகிய அலைநீளத்துக்குத்தான் சிவக்கிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் குறுகிய கதிர்களை ஓசோன் படலம் அதிகமாக விழுங்கிவிடும், நீண்டவை வந்து சேரும். அதனால் காலையிலும் மாலையிலும் சென்சார் கூட்டிச் சொல்கிறது. இதைத் திருத்த முடியும் என்றாலும் இரண்டு போர்டு, ஏழெட்டு வயர் என்று ஹெல்மெட்டில் ஏற்ற முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டாவதாக எல்டிஆர் 390. டிஜிட்டல், நான்கே வயர், 750 ரூபாய். இதன் உச்ச உணர்திறன் 300-லிருந்து 350 நானோமீட்டருக்குள். இதுவும் காலையில் கூட்டிச் சொல்லத்தான் செய்கிறது, ஆனால் குறைவாக. புதிதாகச் செய்பவர்கள் நேராக இதற்கே போய்விடலாம்.

டப்பா

எழுத வேண்டியது அதிகம் இங்கேதான். சென்சார், சின்ன இஎஸ்பி 32 சி3 போர்டு, 400 எம்ஏஎச் பேட்டரி, சார்ஜிங் மாட்யூல் எல்லாம் உள்ளே அடங்கும்படி ஒரு விபூதி டப்பா எடுத்தேன். வியர்வை படாமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் மூடி. வெயிலில் வைத்தால் அளவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் புற ஊதாவுக்குச் சுவராக இருக்கிறது. பாலிகார்பனேட் அப்படித்தான் என்று படித்திருந்தேன். இந்த மூடியும் அதே கதை.

மூடியில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு, குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு மடிப்பாக இழுத்து ஒட்டினேன். இருபது ரூபாய்ச் சுருள். டெஃப்லான் புற ஊதாவை விடும், அதே சமயம் சிதறவும் வைக்கும். சிதறுவது இங்கே நல்லது, ஏனென்றால் தலை கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு குதிப்பதில்லை. டேப் இல்லாமல் ஓட்டியபோது குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் கோடு ரம்பம் மாதிரி வந்தது; டேப் போட்ட பின் அடங்கிவிட்டது. டேப்பால் அளவு குறைகிறது, அதனால் ஒரு பெருக்கெண் வேண்டும். மேகமில்லாத நாட்களில் நடுப்பகலில் மாடியில் வைத்து, வானிலைக் கணிப்புத் தளமான ஓப்பன்-மீட்டியோ தரும் தெளிந்த வான இன்டெக்ஸோடு ஒப்பிட்டேன். என் டப்பாவுக்கு 2.4 வந்தது. இந்த எண்ணை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், டேப் இழுத்த இழுப்பிலேயே மாறும். டேப் மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். சூரியன் அடிவானத்திலிருந்து 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் நேரத்துக்கு மட்டும் கூடுதலாக 0.6-ஆல் பெருக்குகிறேன். இது கணிப்போடு ஒப்பிட்டுப் பிடித்த தோராயம்தான். அந்த நேரத்தில் மொத்தமே சொற்பம் என்பதால் புள்ளிக் கணக்கு பெரிதாகக் கெடுவதில்லை.

எங்கே ஒட்டுவது? ஹேண்டில்பாரில் வைத்தால் குனியும்போது நம் தலை நிழலே விழுகிறது. முதுகுப் பையில் வைத்தால் பின்னால் சாய்ந்துவிடுகிறது. ஹெல்மெட் உச்சியில் இரட்டைப் பக்க டேப்பும் இரண்டு கேபிள் டையும் போட்டதில் நின்றுவிட்டது. எல்லாம் சேர்ந்து 48 கிராம். கழுத்துக்குத் தெரியவில்லை.

கணக்கு சேர்த்தல்

டப்பா பத்து நொடிக்கு ஒரு முறை நேரத்தையும் அளவையும் தன் நினைவகத்தில் எழுதும். கிளம்பும் முன் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு தடவை நேரம் வாங்கிக்கொண்டு வைஃபையை அணைத்துவிடுகிறேன். பேட்டரி தாராளமாகத் தாங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் போன பாதையையும் நேரத்தையும் பதிந்த வாட்சின் ஜிபிஎக்ஸ் கோப்பையும் இதையும் ஒரு பைத்தான் நிரல் நேரப்படி இணைக்கும். முதல் முறை இணைத்தபோது ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. ஜிபிஎக்ஸில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும், என் டப்பா இந்திய நேரம் எழுதியது. ஐந்தரை மணி நேர வித்தியாசம், எங்கள் ரைடும் மொத்தம் ஐந்து மணி நேரம்தான், ஒன்றையொன்று தொடவே இல்லை. டப்பாவையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றியதும் சரியானது.

ஏப்ரல் மாதத் தெளிவான ஞாயிறு ஒன்றின் கணக்கு இது. மொத்தம் 12.5 வெயில் புள்ளி. அதில் மாமல்லபுரம் போய்ச் சேரும் வரை 0.3-க்கும் கீழே. மிச்சம் அத்தனையும் டிபன் முடித்து எழுந்த பிறகு. எட்டேகாலுக்கு இன்டெக்ஸ் 3, ஒன்பதேகாலுக்கு 6, வீடு சேரும் பத்தேகாலுக்கு 9. நாங்கள் எவ்வளவு வேகமாக மிதித்தோம் என்பதைவிட, இட்லிக் கடையிலிருந்து எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. இந்த வரைபடத்தைக் குழுவில் போட்டபோது வந்த அமைதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ தடவை சன்ஸ்கிரீன் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். தன் ரைடின் கோட்டுக்குக் கீழே தன் வெயிலின் கோடு ஏறுவதைப் பார்ப்பது வேறு.

இன்னொரு பயனும் கிடைத்தது. நிழல் நம் உயரத்தைவிடக் குறுகினால் எச்சரிக்கை என்ற பழைய விதி பலருக்கும் தெரியும். எங்கள் அளவில் நிழல் உயரத்துக்குச் சமமாகும் ஒன்பது மணிவாக்கில் இன்டெக்ஸ் ஏற்கெனவே 5-ஐத் தொட்டுவிடுகிறது. 3-ஐத் தாண்டும்போது நிழல் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம். அதனால் குழுவில் இப்போது ஒன்றரை ஆள் நிழல் என்பதுதான் கணக்கு. வாட்ச் இல்லாதவர்களுக்கும் இது போதும்.

எச்சரிக்கை

டப்பாவிலிருந்து ப்ளூடூத் வழியாகப் போனுக்கும், போனிலிருந்து வாட்சுக்கும் அறிவிப்பு போகும்படி செய்தேன். இன்டெக்ஸ் 3 ஆனால் ஒரு அதிர்வு, 6 ஆனால் இரண்டு. இது எடுபடவில்லை. பக்கத்தில் பேருந்து உரசிக்கொண்டு போகும் சாலையில் மணிக்கட்டு அதிர்ந்தால் யார் நிறுத்திச் சன்ஸ்கிரீன் எடுப்பார்கள்? கையில் வியர்வை, பிசுபிசுப்பு, பின்னால் வருபவர் இடிக்கும் பயம். வெயிலில் இருப்பவருக்கு வெயிலில் இருக்கிறாய் என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை, ஆபத்தும்கூட. இரண்டாவது வாரமே எல்லாரும் அணைத்துவிட்டார்கள், சரியாகத்தான் செய்தார்கள்.

அறிவிப்பை வேறு இரண்டு இடங்களுக்கு நகர்த்தினேன். ஒன்று டிபன் கடை. கடையைச் சுற்றி 100 மீட்டர் வட்டத்துக்குள் போன் நுழைந்து 25 நிமிடம் ஆனால் ஒரு செய்தி வரும். கை கழுவும் நேரத்துக்குச் சரியாக வரும்படி வைத்த கணக்கு. பூசி முடித்துத் தண்ணீர் நிரப்பி, கணக்குக் கொடுத்துக் கிளம்புவதற்குள் க்ரீம் தோலில் பிடித்துவிடும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் வேண்டும். எங்கள் ஆட்கள் பொட்டு வைக்கிற அளவுதான் எடுத்தார்கள். 200 மில்லி பம்ப் பாட்டில் ஒன்றைக் குழுச் செலவில் வாங்கி மேசை நடுவில் வைத்ததும் அளவு தானாகக் கூடியது. நெற்றிக்கு மட்டும் ஸ்டிக் வடிவ ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன். க்ரீம் வியர்வையோடு வழிந்து கண்ணில் இறங்கினால் எரிச்சலில் ரோடு தெரியாது. 

இன்னொன்று சனிக்கிழமை இரவு எட்டு மணி. மறுநாள் இன்டெக்ஸ் 3-ஐத் தொடும் நேரத்தை ஓப்பன்-மீட்டியோவிலிருந்து எடுத்து, எப்போது கிளம்பினால் எத்தனை புள்ளி வரும் என்று மூன்று வரியில் வாட்ஸ்அப்பில் போடும் சிறு நிரல். உண்மையான மாற்றம் இதில்தான் வந்தது. அலாரம் வைக்கும் நேரத்தில் கையில் எண் இருந்தால் அலாரம் மாறுகிறது. நாலரைக்குக் கிளம்பி, மாமல்லபுரத்தில் பத்து நிமிடம் மட்டும் நின்று, டிபனைத் திருவான்மியூருக்கு மாற்றினோம். எட்டு நாற்பதுக்கு வந்துவிடுகிறோம், புள்ளி 4-க்குள். மூன்றில் ஒரு பங்கு. "அண்ணா, கடலோர இட்லி இல்லாம ரைடு எதுக்குண்ணா?" என்று ஒரு தம்பி இன்னும் கேட்கிறான். அவனுக்காக மழைக்காலத்தில் பழைய நேரம் உண்டு.

நாலரை மணி இருட்டைச் சும்மா விடக்கூடாது. பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டு, ஒளிரும் மேலாடை, ஒற்றை வரிசை ஆகியவை இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று வைத்திருக்கிறோம். இருட்டில் ஓட்ட விருப்பமில்லாதவர்கள் ஐந்தரைக்குக் கிளம்பிக் கோவளத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கும் புள்ளி குறைவுதான். தூரத்தைக் குறைப்பது தோல்வி இல்லை.

துணி சோதனை

டப்பா கையில் இருந்ததால் வீட்டிலிருந்த துணியையெல்லாம் மாடியில் அதன் மேல் போட்டுப் பார்த்தேன். இதைச் செய்யாமல் விடாதீர்கள், குழுவில் அதிகம் பேசப்பட்டது இதுதான். உலர்ந்த வெள்ளை பனியன் துணி ஆறில் ஒரு பங்கை உள்ளே விடுகிறது. அதையே நனைத்தால் மூன்றில் ஒன்று; வியர்த்த பனியன் பாதுகாப்பு இல்லை. மெல்லிய ஷிஃபான் துப்பட்டா ஒரு மடிப்பில் பாதிக்குப் பாதி. யூபிஎஃப் 50 (யூவியில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் விடும் என்று பொருள்) என்று போட்ட புது ஆர்ம் ஸ்லீவ் 2 சதவீதத்துக்கும் குறைவாக விட்டது, சொன்னது போலவே. அதே வகையில் இரண்டு வருடம் உழைத்துத் தளர்ந்த ஸ்லீவை முழங்கையில் இழுபடும் அளவுக்கு இழுத்து வைத்தால் 9 சதவீதம். நடைபாதையில் 150 ரூபாய்க்கு வாங்கிய குளிர்கண்ணாடியும் இந்த சென்சார் பார்க்கும் அலைநீளத்தில் பூஜ்ஜியம் ஆக்கியது. விலையைவிட, பக்கவாட்டில் வெளிச்சம் நுழையாத வடிவம் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

கைக்கு டப்பாவைக் கட்டியும் பார்த்தேன். திரும்பும் வழியில் ஒரு வாரம் வலது மேற்கையில், அடுத்த வாரம் அதே நேரத்தில் இடதில். வலது பக்கம் இரண்டு மடங்குக்கு மேல். அதிலிருந்து ஸ்லீவ் பற்றி யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

விடுமுறையில் கொடைக்கானல் போனபோது டப்பாவையும் எடுத்துப் போனேன். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றும்போது காலை பத்தரைக்கே 10-ஐத் தாண்டியது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் பத்து சதவீதம் போல யூவி கூடும், கொடைக்கானல் 2,100 மீட்டர். சூடு தெரியாததால் தொப்பிகூட இல்லாமல் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் சென்னையில் மேகமும் காற்றுமாக இருக்கும் காலையும் இப்படித்தான் ஏமாற்றும். மெல்லிய மேகம் யூவியைப் பெரிதாக நிறுத்துவதில்லை.

செலவும் மாற்ற வேண்டியதும்

போர்டு 350, எல்டிஆர் 390 சென்சார் 750, பேட்டரி 220, சார்ஜிங் மாட்யூல் 40, சுவிட்சும் வயரும் 40, டப்பா 10, டெஃப்லான் டேப் 20. மொத்தம் 1,430 ரூபாய். முதல் சென்சாரும் ஏடிசியும் சேர்ந்து 600 தனி.

ஆனால் குழுவில் வேறு யாருக்கும் டப்பா தேவைப்படவில்லை. தெளிவான நாட்களில் என் அளவும் கணிப்பும் 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றன. ஈசிஆரில் நிழல் மரங்கள் குறைவு என்பதும் ஒரு காரணம். மற்றவர்களுக்கு அவரவர் ஜிபிஎக்ஸில் உள்ள நேரத்தையும் இடத்தையும் மட்டும் வைத்து நிரல் புள்ளி போட்டுவிடுகிறது. ரைடுகளைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் ரைடின் விவரத்துக்குக் கீழே ஒரு வரியாக ஏறிவிடும். நிரல் எழுத வராதவர்களுக்கு உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் 2022-ல் வெளியிட்ட சன்ஸ்மார்ட் குளோபல் யூவி செயலி இருக்கிறது. இன்டெக்ஸ் 3-க்கு மேல் இருக்கும் நேர இடைவெளியை அதிலேயே பார்க்கலாம். சனிக்கிழமை இரவு அதைப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும். மரநிழலில் ஓடுபவர்களுக்கு மட்டும் கணிப்பு கூட்டிச் சொல்லும், அவர்களுக்குத்தான் டப்பாவால் பயன் அதிகம்.

அடுத்த டப்பாவில் டேப்பை மூடிக்கு உள்பக்கமாக ஒட்டி, விளிம்பைச் சிலிக்கான் வைத்து அடைக்கப்போகிறேன். வெளியே ஒட்டியதில் உப்பு படிந்து ஒரு மாதத்தில் அளவு குறைய ஆரம்பித்தது, துடைத்தால் டேப் நகர்கிறது. சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடியும் வேண்டும். இந்த அடுத்த டப்பா சைக்கிளுக்கு இல்லை. பக்கத்துப் பள்ளி மைதானத்தில் மாலை மூன்றரைக்குத் தடகளப் பயிற்சி தொடங்குகிறது. கோடையில் நான்கு மணி வரைக்கும் இன்டெக்ஸ் 3-க்குக் கீழே இறங்குவதில்லை என்பதை என் மாடி அளவுகளைக் காட்டிச் சொன்னதில், பயிற்சியாளர் சார் நாலேகாலுக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார். மைதானத்துக் கம்பத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று விளக்கோடு டப்பாவை மாட்ட அனுமதியும் கொடுத்திருக்கிறார். விளக்குகளும் சின்ன சோலார் தகடும் வாங்கியாகிவிட்டது. பேட்டரி ஒரு நாள் முழுக்கத் தாங்குமா என்று இப்போது மாடியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.